85,000 ரூபா போச்சு: மார்மோசெட் குட்டிக்கு முற்பணம் கட்டாதேங்கோ

திருகோணமலை ஆக்கள் கவனியுங்கோ. முகநூலில் செல்லப்பிராணி விற்கிற ஒரு பக்கத்துக்கு 85,000 ரூபா முற்பணம் வைப்பிலிட்டேன். மார்மோசெட் என்கிற சின்னத் தென்னமெரிக்கக் குரங்கின் குட்டி ஒரு சோடி, உவர்மலை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருவினமாம். இன்றைக்குப் பதினோராம் நாள். குட்டியும் இல்லை, காசும் இல்லை. என்னென்ன பார்க்கவேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

ஏமாந்தது ஒரே இடத்தில்தான். விற்கிறவன் விசயம் தெரிந்தவன் போலக் கதைத்தான். "அண்ணை, விற்றமின் டி3தான் குடுக்கோணும், டி2 இதுக்குச் சரிவராது, எலும்பு வளைஞ்சிடும்" என்றான். உண்மைதான். தென்னமெரிக்கக் குரங்குகளுக்கு டி2 பெரிதாக உதவாது. டி3யும், வெயிலில் இருக்கிற யூவி-பி என்கிற புற ஊதா வெளிச்சமும் குறைந்தால் எலும்பு மென்மையாகி முறியும். "பழம் மட்டும் காணாது, வேலம்பிசின் வையுங்கோ" என்றான். அதுவும் சரி. காட்டில் கீழ்ப்பல்லால் மரப்பட்டையைத் துளைத்துப் பிசின் நக்குகிற பிராணி அது. இவ்வளவு தெரிந்தவன் கள்ளனாக இருப்பானா என்று நினைத்ததற்கு விலை 85,000.

அவன் அனுப்பிய வீடியோவை இப்போது பார்த்தால் எல்லாமே பிழை. ஐந்து கிழமைக் குட்டியாம். காதில் வெள்ளைக் குஞ்சம் முழுசாக நிற்கிறது. வடகிழக்குப் பிரேசிலின் சாதாரண மார்மோசெட்டுக்கு அது பிறவியில் கிடையாது, வளர வளரத்தான் வரும். போட்ட பெயரோ "விரல் குரங்கு". அது 100 கிராம் சொச்சம் நிறுக்கிற குள்ள மார்மோசெட், அதற்கு வெள்ளைக் குஞ்சமே இல்லை. ஐந்து கிழமையில் பிரிப்பதே பாவம். தகப்பனும் மூத்ததுகளும் முதுகில் சுமந்து திரிகிற வயது. போதாததற்கு ஒரு பிள்ளை அதன் வாயில் முத்தம் கொடுக்கிறாள்! எங்கள் உதட்டில் கொப்புளம் போடுகிற வைரசு இதுகளைக் கொன்றுவிடும்.

பிறகு கேட்டால், "வாகனம் ஹபரணையில நிக்குது." அடுத்த நாள், "மிருக வைத்தியர் லீவு." அதற்கடுத்த நாள், "சுங்கத்துக்கு இன்னும் 40,000 போடுங்கோ." ஹபரணைக்கு வந்துவிட்ட குரங்குக்கு என்ன சுங்கம்? கேட்டதும் வட்ஸ்அப்பில் தடை.

விவரமாக எழுதக் கை ஓடவில்லை. முற்பணம் வேண்டாம். வீடியோ அழைப்பெடுத்து, அந்த நேரமே குட்டியைக் காட்டச் சொல்லுங்கோ. சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துகிற சர்வதேச உடன்படிக்கை) ஏற்றுமதி அனுமதியும் வனசீவராசிகள் திணைக்கள அனுமதியும் கண்ணால் காணாமல் ஒரு சதமும் போடாதேங்கோ. "பேப்பர் குட்டியோட வரும்" என்பான், வராது. வங்கிச் சிட்டையோடு பொலிசுக்குப் போகிறேன். 85,000.