ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், உதவாத ஒரு மேனுவல்

புதிதாக சரவுண்ட் சிஸ்டம் வாங்க நினைப்பவர்கள் இந்த 5.1 செட்டைத் தாராளமாக வாங்கலாம். கூடவே வரும் மேனுவலை மட்டும் பெட்டியிலேயே விட்டுவிடலாம். ஸ்பீக்கரை ரிசீவரில் (ஒலியை எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி) மாட்டுவதற்குப் பக்கம் பக்கமாகப் படம் போட்டிருக்கிறார்கள். அது யாரும் செய்யக்கூடிய வேலை. ஆட்கள் உண்மையிலேயே முழிக்கிற இடம் டிவியின் செட்டிங்ஸ். அதைப் பற்றி இருப்பது ஒரே வரி: டிவியின் மேனுவலைப் பார்க்கவும். டிவி மேனுவலைப் புரட்டினால், அது ரிசீவரின் மேனுவலைப் பார்க்கச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு!

நான் இதை வாங்கியது வசனத்துக்காக. சண்டைக் காட்சியில் சுவர் அதிர வேண்டும் என்ற ஆசையெல்லாம் கிடையாது. இப்போது வரும் டிவிகள் மெலிந்துபோனதில் உள்ளே ஸ்பீக்கருக்கு இடமே இல்லை. பலவற்றில் சத்தம் தரையைப் பார்த்தோ பின்சுவரைப் பார்த்தோதான் போகிறது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். கிசுகிசுப்பாகப் பேசினால் சத்தத்தைக் கூட்டுவார், அடுத்த நொடி வெடிகுண்டு வெடித்தால் பதறிப்போய்க் குறைப்பார். ரிமோட் அவர் கையை விட்டு இறங்கியதே இல்லை. 5.1-இல் வசனத்தின் பெரும்பகுதி டிவிக்குக் கீழே வைக்கிற சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும். ரிசீவரில் அதை மட்டும் தனியாக இரண்டு மூன்று டெசிபெல் கூட்டிக்கொள்ளலாம். மற்ற வசதிகள் எதுவும் இல்லாமல் இது ஒன்று மட்டும் இருந்திருந்தால்கூட நான் வாங்கியிருப்பேன்.

பெட்டியில் ரிசீவர், முன்பக்கத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், சென்டர், பக்கவாட்டுக்கு இரண்டு, அப்புறம் சப்வூஃபர். பெயரில் உள்ள 5 முழு ஸ்பீக்கர்களின் கணக்கு. புள்ளிக்கு அடுத்த 1, அடிச்சத்தத்துக்கென்றே இருக்கும் தனி சேனல். ரிசீவரின் பின்பக்கம் ஒவ்வொரு ஜோடி முனைக்கும் ஒரு நிறம், அதே நிறத்தில் ஸ்டிக்கர்களும் தந்திருக்கிறார்கள். ஒயரின் இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டால் குழப்பமே இல்லை. இதை யோசித்தவருக்கு ஒரு சபாஷ்.

கூட வந்த ஒயர் நூலாக இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு 16 கேஜ் ஒயர் வாங்கினேன். கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும். சாதாரண அறைக்கு 16 போதும், ரொம்ப நீளமாக இழுப்பவர்கள் 14 எடுக்கலாம். அதற்கு மேல் காசைக் கொட்டி வாங்கும் ஒயரால் காதுக்கு ஒரு லாபமும் இல்லை என்பது என் கட்சி.

ஒயர் முனையில் அரை அங்குலத்துக்குத் தோலை உரித்து, செம்பு இழைகளை ஒரே பக்கமாக இறுக்கி முறுக்க வேண்டும். இதில் அவசரம் ஆகாது. இந்த ரிசீவரில் முனைகள் நெருக்கமாக இருப்பதால், தலைமுடி அளவு இழை ஒன்று பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலும் போதும், ஷார்ட் ஆகிவிடும். ரிசீவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ‘டப்’பென்று அணைந்துகொள்ளும். ஒயர் முனையில் மாட்டும் பனானா பிளக் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. இதெல்லாம் ரிசீவரின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை என்பதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இது மாறிப்போனால் எதுவும் கெட்டுப்போகாது, சத்தமும் வரும். ஆனால் ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுப்பதால் அடிச்சத்தம் சப்பென்று ஆகிவிடும், நடுவில் கேட்க வேண்டிய பாடகர் குரல் எங்கோ சிதறிக் கிடக்கும். செட்டே மட்டம் என்று திருப்பி அனுப்புவதற்கு முன்னால் இதைப் பார்ப்பது நல்லது.

சப்வூஃபருக்கு ஒற்றை ஆர்.சி.ஏ. ஒயர்தான். ஒரு முனை ரிசீவரின் ‘சப் பிரீ அவுட்’டில், மறு முனை சப்வூஃபரின் ‘எல்.எஃப்.இ.’யில். சப்வூஃபரின் முதுகில் உள்ள கிராஸ்ஓவர் குமிழைக் கடைசிவரை திருப்பிவிட வேண்டும். எந்தச் சத்தம் யாருக்கு என்று பிரிப்பது ரிசீவரின் வேலை. இரண்டு பேரும் பிரித்தால் நடுவில் கொஞ்சம் காணாமல் போகும்.

சரி, இப்போது அந்த டிவி விவகாரம். டிவியில் நாலு எச்.டி.எம்.ஐ. துளை இருந்தாலும், பெரும்பாலும் ஒன்றில்தான் ஏ.ஆர்.சி. அல்லது ஈ.ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கும். டிவியின் சத்தம் திரும்பி ரிசீவருக்கு வருவது அது வழியாகத்தான். ஏ.ஆர்.சி. 2009-இல் எச்.டி.எம்.ஐ. 1.4-உடன் வந்தது, ஈ.ஏ.ஆர்.சி. பின்னால் 2.1-உடன். ஒயரைச் செருகியதோடு வேலை முடியாது. டிவியில் சி.இ.சி.யை, அதாவது எச்.டி.எம்.ஐ. வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதியை, ஆன் செய்ய வேண்டும் (ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு செல்லப்பெயர் வைத்திருக்கிறது). சவுண்ட் அவுட்புட்டை ரிசீவருக்கு மாற்ற வேண்டும். முக்கியமாக, டிஜிட்டல் ஆடியோ என்ற இடத்தில் பி.சி.எம். (டிவியே ஒலியைப் பிரித்தெடுத்து அனுப்பும் முறை) என்று இருந்தால் ‘ஆட்டோ’ அல்லது ‘பாஸ் த்ரூ’ (வந்த ஒலியை அப்படியே அனுப்புவது) என்று மாற்ற வேண்டும். பி.சி.எம்.மில் விட்டால் ஏ.ஆர்.சி. வழியாக வருவது வெறும் ஸ்டீரியோ.

இதில் ஒரு கண்கட்டு வித்தை இருக்கிறது. ஸ்டீரியோ வந்தாலும் ரிசீவர் அதைத் தானே பிரித்து ஐந்து ஸ்பீக்கருக்கும் பங்கு போட்டுவிடும். பின்னால் சத்தம் வருகிறதே, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பலர் வருடக்கணக்கில் அப்படியே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உண்மையைச் சொல்வது ரிசீவரின் முகப்பில் உள்ள சின்னத் திரை. 5.1 ஒலியுள்ள ஒரு படத்தை ஓடவிட்டு, உள்ளே வருவது டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸா (5.1 ஒலியைச் சுருக்கி அனுப்பும் ஒரு வடிவம்), பி.சி.எம்.மா என்று அங்கே பார்த்துவிட்டால் தகராறு தீர்ந்தது. கேம் கன்சோல், ஸ்ட்ரீமிங் பெட்டி போன்றவற்றை டிவிக்குப் பதில் நேராக ரிசீவரிலேயே செருகிவிட்டால் இந்தத் தலைவலியில் பாதி இல்லை.

முன் ஸ்பீக்கர்கள் உட்காருமிடத்திலிருந்து பார்க்க இரண்டு பக்கமும் சுமார் 30 டிகிரியில் இருக்க வேண்டும். பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் 110 டிகிரி வாக்கில், அதாவது காதைக் கொஞ்சம் தாண்டிப் பின்னால். சோஃபா சுவரை ஒட்டியிருந்தால் நேர் பக்கவாட்டில் வைத்தாலும் பாதகமில்லை. டிவிக்கு இரண்டு பக்கமும் அடுக்கிவைத்து அழகு பார்ப்பதற்குத்தான் அர்த்தமில்லை.

செட்டோடு வரும் மைக்கை உட்காருமிடத்தில் காது உயரத்துக்கு நிறுத்தி, ஃபேனை அணைத்துவிட்டு ஆட்டோ செட்டப்பை ஓடவிட்டால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் மாறி மாறிச் சீறும். சத்தம் ஒரு மில்லி செகண்டில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர்தான் போகும் என்பதால், கிட்டத்தில் இருக்கும் ஸ்பீக்கரைக் கொஞ்சம் காக்கவைத்து எல்லாச் சத்தமும் ஒன்றாகக் காதுக்கு வரும்படி ரிசீவர் கணக்குப் போட்டுக்கொள்கிறது. சப்வூஃபருக்கு மட்டும் டேப் வைத்து அளந்ததைவிட அதிக தூரம் காட்டும். அதைத் திருத்த வேண்டாம், சப்வூஃபரின் உள்சுற்றுகளில் ஆகும் தாமதத்தையும் சேர்த்துதான் அந்த எண் வருகிறது. நான் மாற்றியது ஒன்றுதான்: முன் ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று எடுத்துக்கொண்டிருந்தது, ‘ஸ்மால்’ ஆக்கி கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன், அதற்குக் கீழுள்ள அடிச்சத்தம் சப்வூஃபருக்குப் போய்விடும்.

பலன்? அம்மா இப்போது ரிமோட்டைத் தொடுவதில்லை. ராத்திரியில் நைட் மோட் போட்டால் பெரிய சத்தம் அடங்கி, சின்னச் சத்தம் மேலே வருகிறது. பாட்டுக் கேட்க இந்த ஸ்பீக்கர்கள் சுமார்தான், சத்தம் ஏற ஏறக் கொஞ்சம் கரகரக்கிறது. சப்வூஃபர் தூக்கத்திலிருந்து எழச் சோம்பல்படுகிறது, படத்தின் முதல் ‘தம்’ அதற்குக் கேட்பதேயில்லை. அதன் பவர் சுவிட்சை ஆட்டோவிலிருந்து ஆனுக்கு மாற்றிவிட்டேன்.

ஏ.ஆர்.சி. இல்லாத பழைய டிவி வைத்திருப்பவர்கள் ஆப்டிகல் ஒயர் போட்டுக்கொள்ளலாம். சாதாரண டால்பி டிஜிட்டல் 5.1 அதில் வரும், டால்பி டிஜிட்டல் பிளஸ் வராது. ஆகவே காசு கொடுப்பதற்கு முன் டிவியின் பின்னால் ஒரு டார்ச் அடித்து, துளைக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள்.