கிளிப் வைத்த கேனுலா: இரண்டு வருடம் கழித்து

கூடப் படித்த தோழி போன் செய்தாள். அவள் ஆஸ்பத்திரியில் சேஃப்டி கேனுலா வாங்கப் போகிறார்களாம். டிரிப்ஸ் ஏற்ற வெயினில், அதாவது ரத்தக் குழாயில், செருகும் மெல்லிய குழாய்தான் கேனுலா; உள்ளே இருக்கும் ஊசி, உருவிய பிறகு யாரையும் குத்தாமல் இருப்பது சேஃப்டி வகை. "நீ ரெண்டு வருஷமா போடுறியே, எப்படிடி இருக்கு?" நல்ல நாள் பார்த்துக் கேட்டாள். அன்று மதியம்தான் ஒரு பாட்டியிடம் இரண்டு வெயினைக் கெடுத்திருந்தேன்.

எங்களுடையது பட்டன் அழுத்தும் வகை இல்லை. ஊசியை உருவும்போதே ஒரு சின்னக் கிளிப் வந்து முனையைக் கவ்விக்கொள்ளும். என் தகராறெல்லாம் அந்தக் கடைசி நொடியோடுதான். கிளிப் ஹப்பை, அதாவது கேனுலாவின் பிளாஸ்டிக் தலையை, விட்டுக் கழலும்போது லேசாக ஒரு இழுப்பு இழுக்கும். பெரிய சைஸான 18 பச்சையை இளவட்டம் கையில் போட்டால் தெரியவே தெரியாது. காகிதத் தோல் பாட்டிக்குச் சின்ன சைஸான 24 மஞ்சளைப் போட்டால் ஊசியோடு கேனுலாவும் கிளம்பி வரும். மோதிர விரலால் வெயினை அமுக்கி, மீதி விரலால் ஹப்பைப் பிடித்து, சாய்க்காமல் நேராக உருவ வேண்டும். இது கைக்கு வரவே மூன்று மாதம் ஆனது. வந்த பிறகும் பாட்டிகள் என்னை மன்னிப்பதில்லை.

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ரத்தம் சொட்டும் ஊசியை மெத்தையில் குத்தி வைத்துவிட்டுத்தான் பிளாஸ்டர் ஒட்டுவோம். அப்படி ஒரு நாள் என் விரலில் ஏறியது. நோயாளிக்கு எச்ஐவி. சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி ஒட்டாமல் இருக்க முதல் மாத்திரை, அப்புறம் 28 நாள். சுமார் 300 குத்தில் ஒன்றுதான் ஒட்டும் என்றார் டாக்டர். அந்த ஒன்று நான்தானோ என்றே 28 இரவும் போனது. கடைசியில் ஒன்றும் இல்லை. கிளிப் வந்த பிறகு எங்கள் வார்டில் கேனுலா ஊசி யாரையும் குத்தவில்லை.

குத்தியது வேறு ஊசி. போன மாதம் ஒரு சின்னப் பெண் 2 எம்எல் சிரிஞ்சுக்கு மூடி மாட்டப்போய்க் குத்திக்கொண்டாள். மூடாமல் அப்படியே பழைய ஊசிகளுக்கான வெள்ளை டப்பாவில் போட வேண்டியதுதானே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. முக்கால்வாசி நிறைந்ததும் மாற்ற வேண்டிய டப்பா வாய் வரை பிதுங்கிக் கிடந்தது. கேனுலாவுக்குக் காசு இருக்கிறது, டப்பாவுக்கு இல்லை!

இத்தனையும் சொல்லிவிட்டு, "மஞ்சள் மட்டும் பழசே வாங்கச் சொல்லுடி" என்று போனை வைத்தேன்.

மறுநாள் காலை ஸ்டோரில் கிளிப் மஞ்சள் தீர்ந்து, பழசுதான் இருந்தது. பாட்டிக்கு லைன் மாற்ற வேண்டும். பக்கத்து வார்டுக்குப் போய் இரண்டு கிளிப் மஞ்சளைக் கடன் கேட்டு வாங்கி வந்தேன். முதலாவது வழக்கம்போல வெளியே வந்துவிட்டது.