பிபிசி மைக்ரோ: புகை வந்த பிறகும் ஓடுகிறது, ஆனால் அந்த பிரேக் கீ

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பிபிசி மைக்ரோ என்ற என் பழைய கம்ப்யூட்டரைப் போட்டுக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. இடது பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை வந்தது. அறை முழுக்க மூக்கை அடைக்கும் கருகல் வாடை. நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கும்வரை திரையில் புரோகிராம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூட நண்பனிடம் இதைச் சொன்னேன். "ஏலே, அது இன்னுமா ஓடுது?" என்றான். இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான். யாரோ ஒருவர் ஒரு பிபிசி மைக்ரோவை விற்கிறாராம், முதலில் சொன்ன விலையில் பாதியாகக் குறைத்துவிட்டாராம், ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வாங்கலாமா என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது பி மாடல். 6502 சிப், 2 மெகாஹெர்ட்ஸ், 32 கேபி நினைவகம், எட்டுத் திரை மோடுகள் (திரையில் காட்டும் விதங்கள்) எல்லாம் இதைத் தேடிப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்தவைதான். எனக்கு எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். 1984-இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் நாடு முழுக்கச் சுமார் 250 பள்ளிகளில் கம்ப்யூட்டர் வைக்க ஆரம்பித்தது. அப்போது வைத்தது பிபிசி மைக்ரோதான். தூத்துக்குடியில் நான் படித்த பள்ளிக்கும் வந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். ஒரு கீபோர்டுக்கு மூன்று பேர். தொண்ணூறுகளின் கடைசியில் உடைந்த பெஞ்சு, ஓடாத மின்விசிறி எல்லாவற்றோடும் சேர்த்து இவற்றையும் ஏலம் விட்டார்கள். அங்கே கணக்கு வாத்தியாராக இருந்த அப்பா ஒன்றை எடுத்து வந்தார். அன்றிலிருந்து வீட்டில் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாளாவது போட்டுவிடுவேன்.

புகைக்குக் காரணம் பவர் சப்ளையில் கரண்ட் நுழைகிற இடத்தில் இருக்கும் சின்ன கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகம். உள்ளே காகிதம், மேலே பிசின். வயதாக ஆகப் பிசினில் கீறல் விழும், அதன் வழியாக ஈரம் காகிதத்தில் இறங்கும், ஒரு நாள் வெடிக்கும். எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு இத்தனை வருஷம் தாங்கியதே பெரிது. அது மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்டுவதற்காக இருப்பது. அதனால்தான் அது எரிந்தபோதும் கம்ப்யூட்டர் நிற்கவில்லை. இது தெரியாமல் முதலில் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைக்கூடத் திறக்காமல், "போர்டே போயிருக்கும் சார், எடைக்குப் போட்டுருங்க" என்றார் அங்கிருந்தவர். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. சென்னை போனபோது ரிச்சி தெருவில் அந்த இடத்துக்கென்றே இருக்கும் எக்ஸ்2 வகை கெப்பாசிட்டர் இரண்டு வாங்கினேன், ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. நானே சால்டரிங் வைத்து மாற்றினேன். நீங்களும் செய்வதாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கியதும் கையை உள்ளே விடாதீர்கள். பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். அது வடியட்டும்.

சரி, இதை நான் ஏன் இன்னும் விடவில்லை என்றால், தமிழுக்காக. விடியூ 23 என்று ஒரு கட்டளை உண்டு. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் நாமே ஓர் எழுத்தை வரையலாம். ஒரு வரிசைக்கு ஓர் எண், மொத்தம் எட்டு எண்கள். 0, அப்புறம் ஆறு முறை 128, கடைசியில் 254 கொடுத்தால் ட. அந்த ஆறு 128-ஐயும் 130 ஆக்கினால் ப. முதல் முறை ட திரையில் வந்தபோது அப்பாவும் பக்கத்தில் இருந்தார். கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுத்துவந்து, அன்று ராத்திரியே க, ச, த மூன்றையும் பென்சிலால் போட்டுக் கொடுத்தார். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

எல்லா எழுத்தும் ட போல அடங்கிவிடாது. எட்டுப் புள்ளி அகலத்தில் இடைவெளி விட்டு நேர்கோடு போட்டால் நான்குதான் நிற்கும். ண அதில் நசுங்கிவிடும். அதற்கு இரண்டு கட்டம் கொடுத்தேன், ஞ-வுக்கும் அப்படியே. புள்ளி வைத்த எழுத்துகளுக்குத் தனி வடிவம் வேண்டாம். விடியூ 5 என்ற கட்டளையைப் போட்டுவிட்டால் ஒன்றின் மேல் ஒன்றாக எழுதலாம், கீழே இருப்பது அழியாது. க-வை எழுதி, ஓர் இடம் பின்னால் வந்து, மேலே புள்ளியை வைத்தால் க். அடுத்த சிக்கல், நாம் வரையும் எழுத்துக்கென்று இருக்கும் இடங்கள் 224 முதல் 255 வரையான எண்கள், 32தான். கு, டு, மு, நு எல்லாம் தனித்தனி வடிவம், 32-இல் எங்கே போவது? பல நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. திரையில் விழுந்துவிட்ட எழுத்து வெறும் புள்ளிகளாகிவிடுகிறது. அதன் எண்ணுக்கு நான் வேறு வடிவம் கொடுத்தாலும் விழுந்தது மாறாது. ஆகவே 255-ஐ கு ஆக்கி எழுது, உடனே அதையே மு ஆக்கி எழுது. அந்த ஒரே இடத்தில் 247 எழுத்தும் வரும். 1981-இல் கேம்பிரிட்ஜில் ஆங்கிலேயக் குழந்தைகளுக்காகச் செய்த பெட்டியில், மோடு 4-இல், முதல் குறள் முழுசாக வந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது பிரேக் கீ. மேல் வரிசையில் சிவப்பு எஃப் கீகள் முடிகிற இடத்தில், எஃப் 9-க்கு அடுத்து இருக்கிறது. தொட்டால் போதும், திரை துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் ஆரம்பத்துக்குப் போய்விடும். உறுதிதானா என்று ஒரு வார்த்தை கேட்காது. ஒரு வரியைத் திருத்த அம்புக்குறி கீகளைத் தொட்டே ஆக வேண்டும், அவை அடுத்த இரண்டு வரிசைகளின் வலது ஓரத்தில். விரல் கொஞ்சம் மேலே போனால் முடிந்தது கதை. நியாயமாகச் சொல்வதானால் மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். உடனே ஓல்டு என்று அடித்தால் புரோகிராம் திரும்பி வரும். பிரேக் என்பது பத்தாம் எண் எஃப் கீயும்தான். அதனால் ஸ்டார் கீ 10 கட்டளையில் ஓல்டை எழுதி வைத்துவிட்டால் அது தானாகவே வரும். ஆனால் ஒவ்வொரு முறை கரண்ட் போட்டதும் மறக்காமல் அதை எழுத வேண்டும்.

ரிப்பேர் முடிந்த இரண்டாம் வாரம் மறந்துவிட்டேன். உயிர்மெய் எல்லாம் சேர்த்து 140 வரி அடித்திருந்தேன். அதைச் சேமித்துவைக்கும் கேசட்டில் பதியவில்லை. திரை சட்டென்று வெறுமையானதும் கரண்ட் போய் வந்திருக்கிறது என்றே நினைத்தேன். எங்கள் தெருவில் அது தினமும் நடப்பது. மனசைத் தேற்றிக்கொண்டு முதல் வரியிலிருந்து அடிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில்தான் கண்ணில் பட்டது: மேலே 'பிபிசி கம்ப்யூட்டர்' என்று மட்டும் இருக்கிறது, பக்கத்தில் '32கே' இல்லை. கரண்ட் போய் வந்திருந்தால் அது இருக்கும். இது பிரேக். புது வரி அடித்துவிட்டால் ஓல்டு பழையதைக் கொண்டுவராது. ஐந்து நாள் ராத்திரி வேலை போனது. 1986-இல் வந்த மாஸ்டர் மாடலில் அந்த கீயைத் திருகிப் பூட்டிவைக்க வழி இருக்கிறது. அதை முதலிலேயே செய்திருக்கக் கூடாதா?

கேசட் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள், தேவையில்லை. புரோகிராமின் ஒலிப்பதிவைக் கைப்பேசியில் ஓட்டி, கேசட் சாக்கெட்டுக்கு ஒரு வயர் கொடுத்தால் ஏற்றிக்கொள்கிறது. அந்தக் கைப்பேசிக்குள் இருப்பது ஆர்ம் சிப். அந்த வகைச் சிப்பை முதலில் வடிவமைத்த சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும்தான் அதற்கு முன் இந்த பிபிசி மைக்ரோவில் வேலை செய்தவர்கள். இதன் பேசிக் என்ற புரோகிராம் மொழியை எழுதியதே வில்சன். கீபோர்டில் இன்றுவரை ஒரு கீகூடச் சாகவில்லை. சில சமயம் படம் வராது. மூடியைத் திறந்து, சாக்கெட்டில் இருக்கும் சிப்புகளைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டால் வந்துவிடும்.

நண்பா, வாங்கு என்றுதான் சொல்வேன் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். நான் சொல்லப்போவது அதுவல்ல. வாங்காதே. விலை பாதி ஆனாலும் வாங்காதே. அந்த கெப்பாசிட்டரை மாற்றியிருக்கிறார்களா என்று விற்பவருக்கே தெரியாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு வாரம் உட்கார்ந்து அடித்ததை அந்த கீ ஒரு நொடியில் கொண்டுபோனால், அவள் மறுபடி அந்தப் பக்கமே வர மாட்டாள். நான் அறுபதை நெருங்குகிறேன், எனக்கே நான்கு நாள் அதைப் போட மனசு வரவில்லை.

ஐந்தாம் நாள் போட்டேன். இப்போது 60 வரி வந்திருக்கிறது, கேசட்டிலும் பதிந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாப்பாவை இங்கே அனுப்பி வை. அப்பாவின் நோட்டில் ழ இன்னும் சரியாக அமையவில்லை. அவள் போட்டுப் பார்க்கட்டும். ஸ்டார் கீ 10-ஐ நான் முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன்.