கூட்டாட்சி நீதிமன்றமா, மாநில நீதிமன்றமா, டெபசிஷனா: அமெரிக்க நீதிமன்றச் சுருக்கெழுத்தாளரின் மூன்று வழிகள்

அமெரிக்காவில் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளராகத் தகுதி பெற்றவருக்கு வேலை மூன்று இடங்களில் கிடைக்கிறது. கூட்டாட்சி அரசின் மாவட்ட நீதிமன்றங்களில் நிரந்தரப் பணி ஒன்று; மாநில நீதிமன்றங்களில் அதே பணி இன்னொன்று; எந்த நீதிமன்றத்திலும் சேராமல், வழக்கறிஞர் அலுவலகங்களில் நடக்கும் டெபசிஷன்களை, அதாவது வழக்கு நீதிமன்ற விசாரணைக்கு வருமுன் எடுக்கப்படும் சாட்சியங்களை, பதிவு செய்து பக்கக் கணக்கில் சம்பாதிக்கும் ஃப்ரீலான்ஸ் தொழில் மற்றொன்று. மூன்றிலும் சுருக்கெழுத்து இயந்திரத்தின் மேல் விரல்கள் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். வருமானம் எங்கிருந்து வருகிறது, காலக்கெடுவை யார் விதிக்கிறார்கள், வேலை யாரை நம்பி நிற்கிறது என்பவற்றில்தான் அவை பிரிகின்றன. இதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்தை மட்டும் எடுத்துவைத்து ஒப்பிடுகிறார்கள். அது பாதிக் கணக்கு என்பதே என் கருத்து.

இந்திய விசாரணை நீதிமன்றங்களைப் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். அங்கே சாட்சி சொல்வதை நீதிபதி தொகுத்துச் சொல்ல, தட்டச்சர் அதைப் பதிவு செய்வதே பெரும்பாலான வழக்குகளில் நடைமுறை. அமெரிக்க முறையில் கேள்வி, பதில், ஆட்சேபம், நீதிபதியின் குறுக்கீடு ஆகிய அனைத்தும் சொல்லுக்குச் சொல் பதிவாக வேண்டும். மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சிகளை மறுபடி அழைத்து விசாரிப்பதில்லை. சுருக்கெழுத்தாளர் சான்றளித்துக் கொடுக்கும் எழுத்துப்படியைப் படித்தே அது முடிவு செய்கிறது. ஆகவே இந்தப் பணியில் உள்ளவர் நீதிபதிக்குக் கடிதம் தட்டச்சு செய்யும் உதவியாளர் அல்லர். வழக்கின் ஆவணத்துக்குத் தனிப்பட்ட முறையில் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கும் அலுவலர்.

கூட்டாட்சி நீதிமன்றத்தில் இந்தப் பதவி 1944ஆம் ஆண்டின் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் சட்டத்தால் உருவானது. அச்சட்டம் இன்று கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 28ஆம் தலைப்பில் 753ஆம் பிரிவாக இருக்கிறது. நாட்டின் 94 மாவட்ட நீதிமன்றங்களும் தத்தமக்கான சுருக்கெழுத்தாளர்களை நியமித்துக்கொள்கின்றன. சம்பளத்தையும் எழுத்துப்படிக் கட்டணத்தின் உச்சவரம்பையும் அமெரிக்க நீதித்துறை மாநாடு என்னும் நிர்வாக அமைப்பு தீர்மானிக்கிறது. ஆனால் சுருக்கெழுத்துப் பள்ளியை முடித்த கையோடு இங்கே நுழைய முடியாது. நீதிமன்றங்களிலோ ஃப்ரீலான்ஸ் துறையிலோ குறைந்தது நான்கு ஆண்டு முழுமையான அனுபவமும், தேசிய நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் சங்கத்தின் ஆர்பிஆர் தேர்விலோ அதற்கு இணையான தேர்விலோ தேர்ச்சியும் வேண்டும். ஆர்பிஆர் தேர்வு என்பது நிமிடத்துக்கு 180 சொற்களில் உரைநடை, 200 சொற்களில் ஜூரிக்கான அறிவுரை, 225 சொற்களில் கேள்வி பதில் என மூன்று சுற்றுகளை 95 விழுக்காடு துல்லியத்துடன் கடப்பது. எனவே தொழிலுக்குப் புதியவருக்கு இந்த ஒப்பீட்டில் கூட்டாட்சி என்ற வழி திறந்திருப்பதே இல்லை. அவர் மற்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டும்.

நுழைந்த பிறகு கிடைக்கும் சம்பளம் நான்கு படிகளாக அமைந்திருக்கிறது. அடிப்படைப் படிக்கு மேல், மெரிட் சான்றிதழுக்கு 5 விழுக்காடும், ரியல்டைம் (பேசப் பேசவே சொற்கள் திரையில் தோன்றும்படி எழுதுவது) சான்றிதழுக்கு 10 விழுக்காடும், இரண்டும் இருந்தால் 15 விழுக்காடும் கூடுதலாகக் கிடைக்கும். மெரிட் தேர்வில் கேள்வி பதில் சுற்று நிமிடத்துக்கு 260 சொற்கள்; சாட்சியும் வழக்கறிஞரும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் பேசும் குறுக்கு விசாரணையில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வேகம் ஏன் தேவை என்று விளக்க வேண்டியதில்லை. மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், அரசும் பங்களிக்கும் சேமிப்புத் திட்டம் ஆகியவை மற்றக் கூட்டாட்சி ஊழியர்களுக்கு உள்ளதைப் போலவே உண்டு.

பக்கக் கணக்கு

சம்பளத்துக்கு அப்பால் உள்ள பகுதிதான் உண்மையில் ஒப்பிட வேண்டியது. கூட்டாட்சிச் சுருக்கெழுத்தாளர் நீதிமன்றத்தில் அமர்வதற்குச் சம்பளம் வாங்குகிறார். அமர்ந்தபோது எடுத்த குறிப்பை எழுத்துப்படியாக்கிக் கேட்பவருக்கு விற்பதற்குத் தனியே கட்டணம் வாங்குகிறார். ஒரே ஆள் அரசு ஊழியராகவும் சிறு தொழில்முனைவோராகவும் இருக்கும் இந்த அமைப்பு கூட்டாட்சி அரசுப் பணிகளில் அரிது. 2007இல் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல், 30 நாள் தவணையில் கொடுக்கும் எழுத்துப்படிக்குப் பக்கத்துக்கு 3.65 டாலர் என்பதே உச்சவரம்பாக இருந்தது. அதே அட்டவணையில் மறுநாளே வேண்டும் என்றால் 6.05 டாலர், இரண்டு மணி நேரத்தில் வேண்டும் என்றால் 7.25 டாலர். அண்மை ஆண்டுகளில் இந்த வரம்புகள் உயர்த்தப்பட்டன. ஆனால் அவசரம் கூடக் கூட விலை கூடும் என்ற அமைப்பு மாறவில்லை. பக்கம் என்பதற்கும் அளவு உண்டு: 25 வரிகள், ஓர எல்லையை அகட்டி எழுத்தைப் பெரிதாக்கிப் பக்கங்களைப் பெருக்க வழியில்லை.

இந்தக் கட்டணத்தில் கழிவுகளும் உள்ளன. இயந்திரம், மென்பொருள், தாள் உட்பட எல்லாப் பொருள்களையும் சுருக்கெழுத்தாளர் தம் செலவில் வாங்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இயந்திரம் மட்டும் சில ஆயிரம் டாலர் ஆகும். குறிப்பைச் சரிபார்த்துச் செப்பனிடும் ஸ்கோப்பிஸ்ட்டுக்கும் பிழை திருத்துபவருக்கும் பக்கக் கணக்கில் கொடுக்க வேண்டியது வேறு. நீதிபதி தம் பயன்பாட்டுக்குக் கேட்டால் கட்டணம் கிடையாது. விற்ற ஒவ்வொரு எழுத்துப்படியின் சான்றளித்த நகலும் நீதிமன்ற எழுத்தரிடம் இலவசமாகச் சேர வேண்டும். மேல்முறையீட்டுக்கான எழுத்துப்படி 30 நாள்களுக்குள் சேராவிட்டால் கட்டணத்தில் 10 விழுக்காடும், 60 நாள்களைத் தாண்டினால் 20 விழுக்காடும் பிடித்துக்கொள்ளப்படும். நகல் விற்பனையிலும் ஒரு முட்டு உண்டு. எழுத்துப்படி தாக்கலான முதல் 90 நாள்களுக்கு வெளியார் அதைச் சுருக்கெழுத்தாளரிடம் விலைக்கு வாங்கலாம், அல்லது எழுத்தர் அலுவலகத்தில் போய்ப் பார்க்கலாம். அதன் பிறகு அது பேசர் என்னும் நீதிமன்ற இணையத் தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட் விலையில் கிடைத்துவிடும். அந்த 10 சென்ட்டில் சுருக்கெழுத்தாளருக்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்றைப் பணியில் சேருபவர்கள் தாமதமாகவே கவனிக்கிறார்கள். ஓய்வூதியம் மிக உயர்ந்த மூன்று ஆண்டுகளின் சராசரிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. எழுத்துப்படி வருமானம் அதில் சேராது. மறுநாள் எழுத்துப்படிக்காக இரவெல்லாம் உழைத்த ஆண்டுகள் வங்கிக் கணக்கில் தெரியும், ஓய்வூதியத்தில் தெரியாது.

ஃப்ரீலான்ஸ் தொழிலில் பெரும்பாலும் விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. டெபசிஷன் என்பது வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன் சாட்சியை இரு தரப்பு வழக்கறிஞர்களும் சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரிப்பது. கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளின்படி சாதாரணமாக ஒரு சாட்சிக்கு ஒரு நாள், ஏழு மணி நேரம். ஒரு மணிக்கு 40 முதல் 50 பக்கம் என்று தொழிலில் உள்ளவர்கள் கணக்குப் போடுவார்கள். அப்படியானால் ஒரு முழு நாள் 300 பக்கத்தை நெருங்கும். கூப்பிட்ட தரப்பு மூலப்படிக்குக் கொடுக்கிறது. எதிர்த்தரப்புகள் நகலுக்குக் கொடுக்கின்றன. பல தரப்புகள் உள்ள மருந்து, காப்புரிமை வழக்குகளில் லாபம் இருப்பது நகலில்தான். ஏஜென்சி தன் பங்கை எடுத்துக்கொண்டாலும், திறமையான ரியல்டைம் எழுத்தாளர் பெரு நகரங்களில் கூட்டாட்சி ஊழியரைவிட அதிகம் சம்பாதிக்க முடியும். அதற்கு எதிராக வைக்க வேண்டியவை: முந்தின நாள் மாலை ரத்தாகும் வேலைகள், தாமாகச் செலுத்த வேண்டிய மருத்துவக் காப்பீடு, முதலாளியின் பங்கும் தம் தலையிலேயே விழுவதால் 15.3 விழுக்காடாகும் சுயதொழில் வரி. சாட்சிக்குத் தம் எழுத்துப்படியைப் படித்துத் திருத்தம் சொல்ல 30 நாள் உரிமை உண்டு என்பதால் ஏட்டை மூடிவிட்டோம் என்ற நிம்மதியும் உடனே வராது.

மாநில நீதிமன்றங்களை ஒரே குரலில் எடைபோட முடியாது. 50 மாநிலங்களுக்கு 50 வழிகள். கலிஃபோர்னியாவில் எழுத்துப்படிக் கட்டணத்தைப் பக்கத்துக்கு அல்லாமல் 100 சொல்லுக்கு இவ்வளவு என்று சட்டம் விதிக்கிறது. 2021இல் அது மூலப்படிக்கு 1.13 டாலராக உயர்த்தப்பட்டது. அதே காலத்தில், ஆள் கிடைக்காத நெருக்கடியைச் சமாளிக்க, சுருக்கெழுத்தாளர்களைச் சேர்க்கவும் தக்கவைக்கவும் ஆண்டுக்கு 3 கோடி டாலரை மாநில அரசு ஒதுக்கத் தொடங்கியது. மறு கோடியில் அலாஸ்கா, மாநிலமான காலம் தொட்டே ஒலிப்பதிவை நம்பியிருக்கிறது. கென்டக்கியில் 1980களிலிருந்தே வீடியோப் பதிவுதான் நீதிமன்ற ஆவணம். அங்கெல்லாம் மாநில வேலை என்ற வழியே ஏறத்தாழ அடைபட்டிருக்கிறது.

யாரை நம்பி வேலை?

சம்பளத்தைவிட இதையே நான் கூர்ந்து பார்க்கச் சொல்வேன். டெக்சாஸ் மாநிலத்தில் ஒவ்வொரு நீதிபதியும் தமக்கான சுருக்கெழுத்தாளரை நியமிக்கிறார். பதவி நீதிமன்றத்தின் விருப்பம் உள்ளவரைதான். அங்கே நீதிபதிகள் கட்சிச் சின்னத்தில் தேர்தலில் நின்று வெல்பவர்கள். நீதிபதி தோற்றால், இருபது ஆண்டு அனுபவமுள்ள சுருக்கெழுத்தாளரும் புதிய நீதிபதியின் மனநிலையை எதிர்பார்த்து நிற்க வேண்டியதுதான். கூட்டாட்சி நீதிபதி ஆயுட்காலப் பதவியில் இருப்பவர். அதைவிட முக்கியமாக, சுருக்கெழுத்தாளர் தனி நீதிபதிக்கு அல்லாமல் மாவட்ட நீதிமன்றம் முழுவதற்கும் பணியாளர். பல மாவட்டங்களில் அவர்கள் பொதுக் குழுவாக இருந்து சுழற்சி முறையில் அறைகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். இதனால் வேலைப் பளு ஓரளவு சமமாகிறது. ஆனால் ஒரே நீதிபதியின் பேச்சு வேகத்தையும் அவர் அறையில் அடிக்கடி வரும் கலைச்சொற்களையும் மனப்பாடமாக்கி, அவற்றுக்குக் குறுக்கு விசைகள் அமைத்துக்கொள்ளும் வசதி குறைகிறது. இது சிறிய குறையல்ல என்பதை ரியல்டைம் எழுதுபவர்கள் அறிவார்கள்.

கூட்டாட்சிப் பணியிலும் நிழல் விழாத இடமில்லை. 1980களின் தொடக்கத்தில் திருத்தப்பட்ட 753ஆம் பிரிவு, நீதித்துறை மாநாட்டின் விதிகளுக்கு உட்பட்டு, பதிவு முறையை நீதிபதியே தேர்ந்தெடுக்க இடம் கொடுக்கிறது: சுருக்கெழுத்தாகவும் இருக்கலாம், ஒலிப்பதிவாகவும் இருக்கலாம். மாஜிஸ்திரேட் நீதிபதிகளின் விசாரணைகளும் திவால் நீதிமன்றங்களும் பெரும்பாலும் ஒலிப்பதிவுக்குப் போய்விட்டன. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் வாய்மொழி வாதங்களும் ஒலிப்பதிவாகவே வைக்கப்படுகின்றன. ஒலிப்பதிவு இயக்குநர் பணிக்கு வேகத் தேர்வு இல்லை, சம்பளமும் சீராக வரும். ஆனால் பக்க வருமானம் கிடையாது, ஏனென்றால் எழுத்துப்படியை வெளி நிறுவனம் தயாரிக்கிறது. சுருக்கெழுத்து தெரிந்தவர் அங்கே போவது கைத்தொழிலைக் கட்டி வைப்பதற்குச் சமம். அதை நான்காவது வழியாகவே எண்ணாததற்குக் காரணம் இதுதான்.

பொறுப்பைப் பற்றி ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 1986 மார்ச்சில் ஒரு வங்கிக் கொள்ளை வழக்கில் அன்டாயின் என்பவர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். பதிவு செய்தவர் நிரந்தர ஊழியர் அல்லர். ஒப்பந்த நிறுவனம் அனுப்பிய சுருக்கெழுத்தாளர். பல உத்தரவுகளுக்குப் பிறகும் முழு எழுத்துப்படி வரவில்லை. குறிப்புகளில் பெரும்பகுதி தொலைந்திருந்தது. ஆண்டுகள் கடந்து தண்டனை ரத்தாகி, மறு விசாரணை நடந்து, அவர் மீண்டும் தண்டிக்கப்பட்டார். பிறகு அவர் இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இழப்பீட்டு வழக்குகளிலிருந்து நீதிபதிகளுக்கு உள்ள முழு விலக்கு சுருக்கெழுத்தாளருக்குக் கிடையாது என்று 1993இல் அந்நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவர் பணி சொன்னதைச் சொன்னபடி பதிவது. நீதிபதியைப்போல் விருப்புரிமையைப் பயன்படுத்துவது அன்று என்பது காரணம். நிரந்தரப் பணியானாலும் ஒப்பந்தமானாலும் குறிப்பைக் காப்பதும் நேரத்தில் கொடுப்பதும் தம் சொந்தப் பொறுப்பு என்று இதைப் படித்த பிறகு யாரும் மறக்க முடியாது.

என் தேர்வு இப்படி வரிசைப்படும். முதல் நான்கு ஐந்து ஆண்டுகளுக்கு டெபசிஷன். எத்தனையோ துறைகளின் சொற்களும் எல்லாவகை உச்சரிப்புகளும் அங்கேதான் காதில் விழும், கூட்டாட்சிப் பணி கேட்கும் அனுபவமும் அங்கேயே சேரும். ரியல்டைம் சான்றிதழ் கையில் வந்ததும் கூட்டாட்சிப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். குடும்பம், மருத்துவச் செலவு, ஒழுங்கான ஓய்வூதியம் ஆகியவற்றை எண்ணுபவருக்கு அதுவே மேல். கலிஃபோர்னியா போல மாநிலமே பணத்தைக் கொட்டி ஆள் தேடும் இடத்தில் வசிப்பவர் மட்டும் இரண்டு நியமனக் கடிதங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

விண்ணப்பிக்கும்போது கூட்டாட்சி நீதிமன்றத்திடம் சம்பளப் படியைக் கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. அந்த மாவட்டத்தில் உரிமையியல் வழக்குகள் அதிகமா, குற்ற வழக்குகள் அதிகமா என்று கேட்க வேண்டும். பெரு நிறுவனங்கள் மோதும் உரிமையியல் வழக்குகளில்தான் மறுநாள் எழுத்துப்படியும் ரியல்டைமும் விற்கும். குற்ற ஒப்புதலும் தண்டனை விதிப்புமே நாள் முழுக்க நடக்கும் எல்லைப்புற மாவட்டங்களில் அமர்வு அதிகம், எழுத்துப்படி கேட்டு வாங்குபவர்கள் குறைவு. எத்தனை நீதிபதிகள் ஒலிப்பதிவைத் தேர்ந்திருக்கிறார்கள், குழு முறையா தனி நியமனமா, எழுத்துப்படி தேங்கினால் மாற்று ஆளை யார் செலவில் அமர்த்த வேண்டும் என்பவற்றையும் அந்த நீதிமன்றத்தின் சுருக்கெழுத்தாளர் நிர்வாகத் திட்டத்தை வாங்கிப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகே ஃப்ரீலான்ஸ் ஏஜென்சிக்கு விலகல் கடிதம் கொடுக்கலாம்.