பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா, நின்டெண்டோவா? தோற்றவர்கள் செய்த பெட்டிகள்

கேம் கன்சோல் வாங்க நினைப்பவர்களுக்கு ரொம்ப நாளாக ஓர் அறிவுரை உண்டு: அவசரப்படாதே, இரண்டு வருடம் பொறு, விலை தானாக இறங்கும். ஒரு காலத்தில் அது உண்மைதான். பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000-ல் 299 டாலருக்கு வந்தது. 2002-ல் 199 ஆனது. 2009-ல் 99 டாலருக்கே கிடைத்தது. இன்று அப்படிப் பொறுத்திருந்தவர்கள் ஏமாந்துபோயிருப்பார்கள். 2020-ல் அங்கே 499 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5 (சுருக்கமாக பிஎஸ்5), 2025 ஆகஸ்டில் 549 ஆனது. அதே 499-ல் தொடங்கிய எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 2025-ல் மட்டும் இரண்டு முறை ஏறி 649-ஐத் தொட்டது. 2017-ல் வந்த நின்டெண்டோவின் முதல் ஸ்விட்ச்கூட எட்டு வயதில் 299-லிருந்து 339-க்கு ஏறியது.

முக்கியக் காரணம் சிப். முன்பெல்லாம் சில வருடங்களுக்கு ஒரு முறை அதே சிப்பை இன்னும் சின்னதாகச் செய்ய முடிந்தது. சின்னதானால் ஒரே சிலிக்கான் தகட்டில் அதிக சிப்புகள் கிடைக்கும், சூடு குறையும், பெட்டியும் ஒல்லியாகும், விலை இறங்கும். இப்போது சின்னதாக்குவதற்கே பெரிய செலவாகிறது, அதில் மிச்சப்படுவது கொஞ்சம்தான். அமெரிக்காவில் 2025-ல் வந்த இறக்குமதி வரிகளும் சேர்ந்துகொண்டன. ஆகவே "எப்போது வாங்கலாம்" என்ற கேள்விக்குப் பழைய மதிப்பு இல்லை. "எதை வாங்கலாம்" என்பதுதான் மிச்சம். ஒரு கன்சோலோடு ஆறேழு வருடம் வாழப்போகிறோம் என்பதால் அந்தக் கேள்வியை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

சக்தியில் தொடங்குவோம், சீக்கிரம் முடிந்துவிடும். பிஎஸ்5, சீரிஸ் எக்ஸ் இரண்டும் உள்ளுக்குள் ஒன்றுவிட்ட சகோதரர்கள். இரண்டிலும் ஏஎம்டி செய்த சிப், இரண்டிலும் 16 ஜிபி நினைவகம். சிப் கணக்குப் போடும் வேகத்தில் சீரிஸ் எக்ஸ் 12 டெராஃப்ளாப், பிஎஸ்5 10.28. கேம்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியின் வேகத்தில் பிஎஸ்5 நொடிக்கு 5.5 ஜிபி, சீரிஸ் எக்ஸ் 2.4. இரண்டிலும் வரும் ஒரே கேமைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. ஸ்விட்ச் 2 இவற்றைவிடப் பலவீனமானது, ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு படுக்கைக்குப் போகலாம். எக்ஸ்பாக்ஸின் சின்ன மாடலான சீரிஸ் எஸ் மட்டும் தனிக்கதை. விலை குறைவு, 10 ஜிபி நினைவகம், டிஸ்க் கிடையாது. சீரிஸ் எக்ஸில் ஓடும் கேம் இதிலும் ஓட வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் விதி. 2023-ல் பால்டர்ஸ் கேட் 3 என்ற கேம் எக்ஸ்பாக்ஸுக்குத் தாமதமாக வந்ததற்கு இந்தச் சின்னப் பெட்டிதான் காரணம். திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதியை சீரிஸ் எஸ்ஸில் விட்டுவிட்டுத்தான் கடைசியில் வெளியிட்டார்கள்.

இதற்கு மேல் எண்களைப் பார்த்துப் பயனில்லை. பிளேஸ்டேஷன் செய்யும் சோனி, எக்ஸ்பாக்ஸ் செய்யும் மைக்ரோசாஃப்ட், ஸ்விட்ச் செய்யும் நின்டெண்டோ என்ற மூன்று நிறுவனங்களின் குணத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் குணம் அவர்கள் வாங்கிய அடிகளில் இருந்து வந்தது. வருடக்கணக்காக இந்தத் துறையைக் கவனித்ததில் எனக்குப் பட்டது இது: வாங்குபவருக்கு நல்லது செய்யும் கன்சோலைப் பெரும்பாலும் முந்தைய சுற்றில் தோற்றவர்தான் செய்கிறார். ஜெயித்தவர் விலையை ஏற்றுகிறார்.

சோனியை எடுத்துக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 2, 16 கோடிக்கு மேல் விற்றது. அந்த வெற்றியின் மமதையில் 2006-ல் வந்தது பிஎஸ்3. பெரிய மாடல் 599 டாலர். உள்ளே செல் என்ற விசித்திரமான ப்ராசசர், அதற்கு கேம் எழுதுவதற்குள் ஸ்டுடியோக்களுக்குத் தாவு தீர்ந்தது. ஒரு வருடம் முன்பே வந்துவிட்ட எக்ஸ்பாக்ஸ் 360 அந்த இடைவெளியில் கால் ஊன்றிக்கொண்டது. பிஎஸ்3 கடைசியில் 8 கோடிக்கு மேல் விற்றுத் தலைநிமிர்ந்தது என்றாலும் சோனி அந்தச் சூட்டை மறக்கவில்லை. 2013-ல் பிஎஸ்4 வந்தபோது எல்லாம் தலைகீழ்: 399 டாலர், எல்லோருக்கும் பழக்கமான கணினி வகைச் சிப், 8 ஜிபி வேகமான நினைவகம்.

அதே 2013-ல் மமதை மைக்ரோசாஃப்ட்டின் முறைக்கு வந்திருந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலர், உடல் அசைவைக் கவனிக்கும் கினெக்ட் கேமராவைச் சேர்த்தே வாங்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இணையத்தில் தலைகாட்ட வேண்டும், பழைய டிஸ்க்கை விற்பதிலும் கடன் கொடுப்பதிலும் கட்டுப்பாடு என்றெல்லாம் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள், ஆனால் பெயர் கெட்டுவிட்டது. அந்தத் தலைமுறையில் தோற்றதுதான் மிக மோசமான நேரத்தில் தோற்றது என்று எக்ஸ்பாக்ஸின் தலைவராக இருந்த ஃபில் ஸ்பென்சரே 2023-ல் ஒப்புக்கொண்டார். மக்கள் கேம்களை டவுன்லோட் செய்து வாங்கிச் சேர்க்கத் தொடங்கிய காலம் அது. பிஎஸ்4-ல் ஐம்பது கேம் சேர்த்தவர் அவற்றை விட்டுவிட்டு வேறு பெட்டிக்கு ஏன் போகிறார்? பிஎஸ்5-ல் பிஎஸ்4 கேம்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஓடுகின்றன. வீடு மாறுவதைவிட இந்த நூலகத்தை மாற்றுவது கஷ்டம்.

அந்தத் தோல்வியிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட்டின் இரண்டு அருமையான காரியங்கள் பிறந்தன. ஒன்று, பழைய கேம்களுக்கு அவர்கள் காட்டிய அக்கறை. 2001-ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸின் பல டிஸ்க்குகளை இன்றைய சீரிஸ் எக்ஸில் போட்டு ஆடலாம், அதுவும் முன்பைவிடத் துல்லியமான படத்தோடு. இந்த விஷயத்தில் மற்ற இருவரும் பக்கத்தில்கூட வர முடியாது. இரண்டாவது கேம் பாஸ், மாதச் சந்தா கட்டினால் பல கேம்களை ஆடத் தரும் திட்டம். 2017-ல் மாதம் 9.99 டாலருக்குத் தொடங்கியது. அடுத்த வருடத்திலிருந்து மைக்ரோசாஃப்ட்டின் புதிய கேம்கள் வெளியான அன்றே அதில் கிடைத்தன. 2024 தொடக்கத்தில் 3.4 கோடி சந்தாதாரர்கள். அந்தக் காலத்தில் யார் கேட்டாலும் தயங்காமல் எக்ஸ்பாக்ஸைத்தான் சொல்லியிருப்பேன்.

இப்போது சொல்ல மாட்டேன், அதில் எனக்கு வருத்தம்தான். 2023-ல் ஆக்டிவிஷன் பிளிசார்டை 6,870 கோடி டாலருக்கு வாங்கி முடித்த பிறகு மைக்ரோசாஃப்ட்டின் கணக்கே மாறிவிட்டது. அவ்வளவு பணம் போட்டபின் கேம்களைத் தன் பெட்டிக்குள் மட்டும் பூட்டி வைத்தால் கட்டுப்படியாகாது. 2024-ல் நான்கு கேம்களை மற்ற கன்சோல்களுக்கு அனுப்பினார்கள். 2025-ல் ஃபோர்ட்ஸா ஹொரைசன் 5 பிஎஸ்5-க்குப் போனது. எக்ஸ்பாக்ஸின் முகமாக இருந்த ஹேலோவே பிளேஸ்டேஷனுக்கு வரும் என்று அதே வருடம் அறிவித்தார்கள். கேம் பாஸின் அல்டிமேட் சந்தா 2025 அக்டோபரில் மாதம் 29.99 டாலர் ஆனது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த விலையில் வருடத்துக்கு 360 டாலர். எழுபது டாலர் விலையில் ஐந்து புதிய கேம்களைச் சொந்தமாகவே வாங்கிவிடலாம். மாதத்துக்கு ஒரு புதிய கேமாவது ஆடுகிறவருக்கு அது இன்னமும் லாபம்தான். வேலை, குடும்பம் என்று வருடத்துக்கு மூன்று கேம் முடிப்பதே பெரும்பாடு என்று இருப்பவருக்கு நஷ்டம். அடுத்தவர் கணக்கைப் பார்த்து சந்தா கட்டாதீர்கள். கடந்த வருடம் நீங்கள் உண்மையில் முடித்த கேம்களை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

மற்ற இருவரின் சந்தா வேறு மாதிரி. பிளேஸ்டேஷன் பிளஸின் அடிப்படைச் சந்தா 2023-ல் வருடத்துக்கு 80 டாலர் ஆனது. மற்றவர்களோடு இணையத்தில் ஆட அது வேண்டும், ஆனால் ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களுக்கு வேண்டாம். தன் பெரிய கேம்களை வெளியான அன்றே சந்தாவில் தரும் வழக்கம் சோனிக்கு இல்லை. நின்டெண்டோவின் சந்தா வருடத்துக்கே 20 டாலர்தான், மூன்றிலும் மலிவு.

நின்டெண்டோவைத் தனியாகத்தான் பேச வேண்டும். 1889-ல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. கேம்க்யூப் காலம் வரை அவர்களும் சக்திப் போட்டியில் ஓடினார்கள். அந்தப் பெட்டி 2 கோடியைச் சற்றே தாண்டியதோடு நின்றது. 2006-ல் அந்த ஓட்டத்திலிருந்தே விலகி, கையை அசைத்து ஆடும் வீ-யைக் கொண்டுவந்தார்கள். 10 கோடிக்கு மேல் விற்றது. அப்புறம் அவர்களுக்கும் மமதை வந்தது. வீ யூ என்று பெயர் வைத்து 2012-ல் விட்டார்கள். அது புது கன்சோலா, பழைய வீ-க்கான உதிரி பாகமா என்றே பலருக்குப் புரியவில்லை. 1.35 கோடியோடு முடிந்தது. அந்தக் குழியிலிருந்து எழுந்ததுதான் ஸ்விட்ச், 15 கோடிக்கு மேல் விற்ற ஸ்விட்ச்.

ஸ்விட்சுக்குள் இருந்த என்விடியா சிப் வெளியான அன்றே பழசு, அதே வகைச் சிப் 2015-லேயே வேறு கருவியில் வந்துவிட்டது. கேம் பாயை உருவாக்கிய குன்பெய் யோகோயின் வழி அது: எல்லோருக்கும் பழகிப்போன மலிவான தொழில்நுட்பத்தை எடு, யாரும் யோசிக்காத வேலைக்குப் பயன்படுத்து. மலிவுச் சிப் என்பதால் கருவியிலேயே லாபம் பார்க்க முடிகிறது. சோனியும் மைக்ரோசாஃப்ட்டும் பல சமயம் பெட்டியை நஷ்டத்துக்கு விற்று, தங்கள் ஸ்டோரில் விற்கும் ஒவ்வொரு கேமிலும் சுமார் 30 சதவீதம் எடுத்து ஈடுகட்டுபவர்கள். இந்த வேறுபாடு வாங்குபவரையும் தொடும். சோனியின் பெரிய கேம் ஒன்றிரண்டு வருடத்தில் பாதி விலைக்கு வந்துவிடும். மரியோவும் செல்டாவும் அவ்வளவு லேசில் இறங்காது. மரியோ கார்ட் 8 டீலக்ஸ் வந்து பல வருடம் ஆகியும் கிட்டத்தட்ட முதல் நாள் விலையிலேயே விற்றுக்கொண்டிருந்தது. நின்டெண்டோவில் பெட்டியின் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஐந்து கேம் விலையையும் சேர்த்துப் பாருங்கள்.

2025 ஜூன் 5-ல் 449 டாலருக்கு வந்த ஸ்விட்ச் 2 நான்கே நாளில் 35 லட்சத்துக்கு மேல் விற்றது. 7.9 அங்குலத் திரை, டிவியில் மாட்டினால் 4கே வரை. மரியோ கார்ட் வேர்ல்டுக்கு 80 டாலர் வைத்தார்கள். ஜெயித்தவரின் விலை அது. இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. சில ஸ்விட்ச் 2 கேம்கள் கார்டில் இருப்பதில்லை, கார்டு வெறும் சாவி. கேமை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். வீ யூ, 3டிஎஸ் கைக்கருவி இரண்டின் ஸ்டோர்களையும் நின்டெண்டோ 2023 மார்ச்சில் மூடியதைப் பார்த்தவர்களுக்கு இது கவலையாகத்தான் இருக்கும். எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்டோரும் 2024 ஜூலையில் மூடப்பட்டது. 2021-ல் பிஎஸ்3 ஸ்டோரை மூடப்போவதாக அறிவித்த சோனி, ரசிகர்கள் கொதித்ததும் முடிவை மாற்றிக்கொண்டது.

சரி, சோனி இப்போது எப்படி இருக்கிறது? ஜெயித்திருக்கிறது, அதற்கான அறிகுறிகளும் தெரிகின்றன. 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 ப்ரோ 699 டாலர், டிஸ்க் டிரைவ்கூட இல்லாமல். அதே வருடம் ஆகஸ்டில் வெளியிட்ட கான்கார்ட் என்ற இணையச் சுடும் கேமை இரண்டே வாரத்தில் மூடிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அதை மூடிய அதே நாளில் வந்த ஆஸ்ட்ரோ பாட், கன்ட்ரோலரின் ஒவ்வொரு அதிர்வையும் ரசித்துச் செய்த கேம், அந்த வருடத்தின் சிறந்த கேம் விருதை வாங்கியது. டிரிகர் கையை எதிர்த்து அழுத்துவதை அதில் உணர்ந்து பார்த்தால், சோனியிடம் இன்னும் கைத்திறன் குறையவில்லை என்பது புரியும்.

ஜெயித்தவரை அடக்கி வைக்க, தோல்விக்குப் பயந்துபோன எதிராளி ஒருவர் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் பெட்டிப் போட்டியிலிருந்து விலகினால் அந்த இடத்துக்கு, ஸ்டீம் என்ற கணினி கேம் ஸ்டோரை நடத்தும் வால்வ் வரலாம். 2022-ல் ஸ்டீம் டெக் என்ற கைக்கருவியைக் கொண்டுவந்தவர்கள், 2025 நவம்பரில் டிவிக்கு அடியில் வைக்கும் ஸ்டீம் மெஷினை அறிவித்தார்கள். இணையத்தில் ஆட அங்கே தனிச் சந்தா இல்லை, கணினியில் வாங்கிய கேம்களே போதும். கணினியில் ஏற்கெனவே பெரிய நூலகம் வைத்திருப்பவர்கள் மூன்று பெட்டிகளையும் மறந்துவிட்டு அந்தப் பக்கம் பார்க்கலாம்.

மற்றவர்களுக்கு என் தேர்வு இது. வீட்டில் குழந்தைகள் இருந்தால், நாலு பேர் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆடுவார்கள் என்றால், ஸ்விட்ச் 2. அதில் ஸ்விட்ச் கேம்களும் பெரும்பாலும் ஓடும் என்பதால் முதல் நாளே ஆட நிறைய இருக்கும். தனியாக உட்கார்ந்து பெரிய கதை கேம்களை ஆடுபவருக்கு பிஎஸ்5, ப்ரோ தேவையில்லை. எக்ஸ்பாக்ஸின் கேம்களும் இப்போது ஒவ்வொன்றாக அங்கேதான் வருகின்றன, சோனியின் காட் ஆஃப் வார் எக்ஸ்பாக்ஸுக்குப் போகவில்லை. அலமாரியில் பழைய எக்ஸ்பாக்ஸ் டிஸ்க்குகள் அடுக்கி வைத்திருப்பவருக்கு மட்டும் சீரிஸ் எக்ஸ். அதிலும் டிஸ்க் டிரைவ் உள்ள மாடலா என்று பார்த்து வாங்குங்கள்.

பிஎஸ்5-லும் டிஸ்க் மாடலையே எடுங்கள். டிஸ்க்கை நண்பருக்குக் கொடுக்கலாம், முடித்ததும் விற்கலாம், ஸ்டோர் சொல்லும் விலைக்குக் கட்டுப்படவும் வேண்டாம். இப்போதைக்கு டிஜிட்டல் மாடல்தான் கட்டுப்படியாகும் என்றால், 2023 நவம்பருக்குப் பின் வந்த ஒல்லி மாடலை வாங்குங்கள். டிஸ்க் டிரைவைப் பிறகு தனியாக வாங்கி அதில் மாட்டிக்கொள்ளலாம்.