லினக்ஸ் மிண்ட்: நான்கு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது என் மடிக்கணினியில் அது ஏறுமா என்று சோதித்துப் பார்த்தேன். ஏறாது என்று பதில் வந்தது. என்னுடையது ஐந்தாம் தலைமுறை இன்டெல் ஐ3, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 கேட்டதோ எட்டாம் தலைமுறைச் செயலியும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும். கீபோர்டில் ஒரு பொத்தான்கூடப் பழுதாகாத மெஷினைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. 2022 ஜனவரியில், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மிண்ட்டின் 20.3 பதிப்பு வெளியானது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டி, பழைய கணினிக்கும் ஏற்ற, மிண்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினேன். அன்றிலிருந்து எழுத்து வேலை, கணக்கு வழக்கு, வீடியோ அழைப்பு எல்லாம் இதில்தான்.

வேகம் கூடியதில் பாதிப் பெருமை எஸ்எஸ்டிக்குத்தான் சேர வேண்டும். மீதி மிண்ட்டுடையது. திரை வந்து நிற்கும்போது அதிக ரேம் செலவாவதில்லை. பிரவுசரில் பத்து டேப் திறந்தால் மட்டும் திணறும், அதற்காக இரண்டாம் வருடம் ரேமை 8 ஜிபி ஆக்கினேன்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அப்டேட் நடக்கும் விதம். என்னென்ன வந்திருக்கிறது என்று பட்டியல் காட்டும், நான் சொன்னால்தான் ஏற்றும். நான்கு வருடத்தில் வேலைக்கு நடுவே தானாக ஒரு தடவைகூட ரீஸ்டார்ட் ஆனதில்லை.

சங்கடமே இல்லாமலும் இல்லை. 2023-இல் ஒரு நாள் மாலை கெர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு, அப்டேட் போட்டுவிட்டுத் திறந்தால் வைஃபையைக் காணோம். மறுநாள் காலை ஒரு கட்டுரை அனுப்பியாக வேண்டும். சற்று நேரம் கை ஓடவில்லை. அப்புறம்தான் நினைவு வந்தது, பழைய கெர்னலை மிண்ட் உடனே அழித்துவிடாது. ரீஸ்டார்ட் செய்து, தொடக்கத்தில் வரும் கிரப் மெனுவில் கூடுதல் தெரிவுகளுக்குள் போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். வைஃபை வந்துவிட்டது. அடுத்த அப்டேட்டில் அந்தச் சிக்கலும் தீர்ந்தது. புதிதாக வருகிறவர்கள் இந்த ஒரு வழியையும், டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் சிஸ்டத்தை நகலெடுத்து வைக்கவும் முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டேன். ஏ, கே, கே, கியூ என்று நான்கே தட்டு, ‘அம்மா’ வந்துவிடும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதல் எழுத்தின் மேல் புள்ளி தானே விழும். ஒரு நாளைக்கு ஆயிரம் சொல் அடிக்கிறவருக்கு இந்தப் புள்ளி மிச்சம் பெரிய விஷயம். ஆனால் மற்றவர்கள் அனுப்பும் வேர்ட் கோப்புதான் தொல்லை. விண்டோஸின் லதா எழுத்துரு இங்கே இல்லாததால் வேர்டுக்குப் பதிலாக நான் பயன்படுத்தும் லிப்ரே ஆபீஸ் வேறொன்றைப் போட்டு நிரப்பும், எழுத்தின் அகலம் மாறி இரண்டு பக்கக் கடிதம் மூன்றாவது பக்கத்துக்கு வழியும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த பழைய கோப்பென்றால், அந்த எழுத்துருவைத் தேடிப் போடும்வரை ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அச்சுக்குப் போவதை இப்போது பிடிஎஃப் ஆக்கித்தான் அனுப்புகிறேன்.

2024 மார்ச் 29-ஆம் தேதி வந்த எக்ஸ்இசட் செய்தி என்னைக் கலக்கிவிட்டது. லினக்ஸில் எங்கும் இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலுக்குள், நம்பிக்கையான பங்களிப்பாளராக வேடமிட்டு வந்த ஒருவர் பின்கதவு, அதாவது கள்ளத்தனமாக நுழையும் வழி, வைத்திருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் நுழைவு அரை வினாடி தாமதமாகிறதே என்று விடாமல் துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். நானும் உடனே டெர்மினலைத் திறந்து பதிப்பு எண்ணைப் பார்த்தேன். கெட்டுப்போனவை 5.6.0, 5.6.1. என்னிடம் இருந்தது 5.2 வரிசை. புத்தம் புதியதை ஓடி ஓடிச் சேர்க்காமல், நிலைத்த பதிப்புகளின் மேல் மிண்ட் நிற்பதன் அருமை அன்றைக்குப் புரிந்தது. அதே சமயம், இவ்வளவு பெரிய கட்டடத்தைச் சம்பளமில்லாமல் தாங்கும் ஆட்களை நினைத்துக் கவலையும் வந்தது. அந்த மாதத்திலிருந்து மிண்ட்டுக்குச் சிறு நன்கொடை அனுப்பி வருகிறேன்.

20.3-இலிருந்து 21-க்கு அதன் மேம்படுத்தும் கருவியிலேயே மாறினேன், 22-ஐப் புதிதாக நிறுவினேன். இதற்கு 2029 வரை ஆதரவு உண்டு.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததும் வீட்டில் இருவர் என்னிடம் வந்தார்கள். அக்காவின் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஆகவே அவரை மாறச் சொல்லவில்லை, ஓராண்டுக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். சித்தப்பாவுக்குச் செய்தி படிக்கவும் போட்டோ பார்க்கவும் தெரிந்தால் போதும், அவருக்கு மிண்ட் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் போன் செய்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எழுத்தைப் பெருசாக்குறது எப்படிப்பா?” போனிலேயே வழி சொன்னேன், எழுத்துரு அளவை 10-இலிருந்து 13-க்கு அவரே மாற்றிக்கொண்டார்.