கல்லடி வளவொன்றின் வேலி: 2014 முதல் இன்றுவரையான செலவு அனுபவம்

மட்டக்களப்பின் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் மணல் நிலத்தில் எங்கள் 20 பேர்ச் வளவு இருக்கிறது. 2014 ஆம் ஆண்டு, வருடந்தோறும் கிடுகு மாற்றிச் சலித்துப்போன பழைய வேலியைப் பிரித்துவிட்டு, கொங்கிரீட் தூணும் முள்ளுக்கம்பியுமாக அடைத்தோம். வேலி போட நினைப்பவர்கள் அனைவரும் "அடிக்கு எவ்வளவு?" என்றே முதலில் கேட்கிறார்கள். நானும் அதையே கேட்டேன். அந்தக் கேள்விக்குள் வராத செலவுகள்தான் எங்களை அதிகம் வருத்தின.

வளவின் பரப்பைப் பார்த்துச் செலவைக் கணிப்பது முதற்பிழை. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. எங்கள் வளவு 33 அடி அகலமும் 165 அடி நீளமுமாக ஒடுங்கிக் கிடப்பதால் சுற்றளவு 396 அடி ஆகிறது. இதே 20 பேர்ச் சதுரமாக அமைந்திருந்தால் ஏறத்தாழ 295 அடியோடு முடிந்திருக்கும். எட்டு அடிக்கு ஒரு தூண், ஐந்து வரிக் கம்பி என்று பார்த்தால், கேற்றுக்கு விடும் இடத்தையும் சேர்த்து, 50 தூண்களும் 1980 அடிக் கம்பியும் வேண்டும். மூலைத் தூண்களுக்கான முட்டும் கம்பியை இழுத்துக் கட்டும்போது வீணாகும் நீளமும் இதற்கு மேலதிகம்.

மேற்கு எல்லையில் பழைய எல்லைக்கல் ஒன்று காணாமற் போயிருந்தது. பக்கத்து வளவு அண்ணனும் நாங்களும் காணி உறுதியையும் வரைபடத்தையும் வைத்துப் பேசி, நில அளவையாளரை அழைத்து, கூலியை இருவருமாகப் பகிர்ந்துகொண்டோம். அப்போது வீண்செலவாகத் தோன்றிய அந்தத் தொகைக்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை.

வருந்துவது குழிகளுக்காக. அடிக்கணக்கில் ஒப்பந்தம் பேசியபோது தூண் எத்தனை அடி மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்பதை நாங்கள் பேசவில்லை. ஆவணியில் தொடங்கவேண்டிய வேலை ஐப்பசிக்குத் தள்ளிப்போனது. மழை தொடங்கிவிட்டதால் தோண்டத் தோண்ட மணல் சரிந்து குழி மூடியது. வேலைக்காரர்கள் ஒன்றரை அடியிலேயே தூண்களை நிறுத்திவிட்டுப் போனார்கள். அந்த மாரியிலேயே கிழக்குப் பக்கத்தில் நான்கு தூண்கள் சாய்ந்தன. அவற்றைப் பிடுங்கி, இரண்டரை அடி ஆழத்தில், அடியில் கொங்கிரீட் போட்டு மீண்டும் நாட்டியபோது அந்த நான்குக்கும் இரட்டைக் கூலி கொடுத்தோம்.

அதன்பின் உப்புக்காற்று. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய கம்பிதான்; வீடு மறைக்கும் மேற்குப் பக்கத்தில் அது இன்னும் தாங்குகிறது, கடலை நோக்கிய கிழக்குப் பக்கத்திலோ நான்காம் வருடமே துத்தநாகப் பூச்சு போய், கையால் வளைத்தால் முறியும் நிலைக்கு வந்துவிட்டது. தூண்களும் தப்பவில்லை. உள்ளிருக்கும் இரும்புக்கம்பி வெளிப்பரப்புக்கு மிக அண்மையில் இருந்தால், உப்பு ஊறி அது துருவேறிப் பருத்து, கொங்கிரீட்டைப் பிளந்துவிடுகிறது. தூண் வாங்குபவர்கள் விலையை விசாரிக்குமுன், கம்பியைச் சுற்றி ஓர் அங்குலமாவது கொங்கிரீட் இருக்கிறதா, ஆற்றுமணலில் வார்த்ததா என்று கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

கிழக்கு எல்லை 165 அடியையும் 2022 இல்தான் மாற்ற முடிந்தது. அது மிக மோசமான காலம். ரூபா வீழ்ந்ததால் சீமெந்துப் பையின் விலை ஒரு வருடத்துக்குள் இரட்டிப்புக்கும் மேலாகியிருந்தது. ஆகவே அங்கே ஒன்றுவிட்டு ஒரு தூணாகக் குறைத்து, இடையிடையே பூவரசங் கதியால் (நட்டால் வேர்விட்டுத் தழைக்கும் வேலித்தடி) நட்டோம். கதியாலுக்குக் காசு கொடுக்கவில்லை. வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றியதும், வருடத்துக்கு இருமுறை கொப்பு வெட்டும் கூலியும்தான் செலவு. இப்போது அவை கம்பியைத் தாங்குவதோடு காற்றையும் மறிக்கின்றன, குழை ஆட்டுக்கும் உதவுகிறது. மரம் பருக்கும்போது கம்பியை விழுங்கிவிடாதபடி கட்டுக்கம்பியை அவ்வப்போது தளர்த்திக் கட்ட வேண்டியிருக்கிறது.

வடக்கே வீதிப் பக்கத்தில் இரு தூண்களில் வெடிப்பு தெரிகிறது. இந்த முறை மழைக்கு முன்னரே, ஆடியில், குழி ஆழத்தை எழுத்தில் குறித்துக்கொண்டு அவற்றை மாற்றவிருக்கிறோம்.